மருந்து நிரப்ப எந்த இயந்திரம்?

(மருத்துவமனை ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



  

இன்று ஒரேயொரு காரியத்தைக் குறித்துப் பேச விரும்புகிறோம். நமது மூலிகை மருந்துப் பிரிவுக்கு, பாட்டில்களில் மருந்து நிரப்பும் இயந்திரம் ஒன்று தேவைப்படுகிறது. நிமிடத்துக்கு 40 பாட்டில் நிரப்பி, மூடி திருகி, லேபிளும் ஒட்டித் தரும் முழுத் தானியங்கி இயந்திரத்தையே வாங்கித்தர அன்பர் சிலர் மனமுவந்து முன்வந்திருக்கிறார்கள். அவர்களுடைய நல்ல மனதுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். ஆயினும், அதைவிடச் சிறிய ஓர் இயந்திரத்தை வாங்கிக்கொள்ள அனுமதி கேட்கவே இங்கே நிற்கிறோம். பெரியதைத் தருகிறோம் என்கிறவர்களிடம் சிறியது போதும் என்று சொல்வதற்குக் காரணம் காட்ட வேண்டும் அல்லவா? அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுகிறோம்.

இப்போது சகோதரிகள் இருவர் கையால்தான் நிரப்புகிறார்கள். ஒருவர் பாட்டிலில் புனலை வைத்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் அளவு ஜாடியிலிருந்து ஊற்றுகிறார். நிதானமாகச் செய்தால் நிமிடத்துக்கு 4 பாட்டில் ஆகும். 50 லிட்டர் மருந்தை 100 மில்லி பாட்டில்களில் நிரப்பினால் 500 பாட்டில்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலை. கை ஓய்ந்துபோகும் கடைசி அரை மணியில் அளவு ஏறும், இறங்கும். டிஞ்சராக இருந்தால் ஸ்பிரிட்டின் ஆவி தலைவலியை உண்டாக்கும். ஊற்றும்போதே ஸ்பிரிட் சிறிது காற்றில் போய்விடுவதால் மருந்தின் தன்மையும் மாறும். ஆகவே இயந்திரம் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. எப்படிப்பட்ட இயந்திரம் என்பதுதான் கேள்வி.

நமது பகுதிக்கு மூலிகை மருத்துவம் புதிதல்ல. தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலையை அகத்தியரோடு சேர்த்தே நம் முன்னோர் பேசினார்கள். பாளையங்கோட்டையில் 1964-ஆம் ஆண்டிலிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடைபெற்று வருகிறது. தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில் 1859-இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதரை இசை ஆராய்ச்சியாளராக நீங்கள் அறிவீர்கள். அவர் தஞ்சாவூரில் பேர்பெற்ற சித்த வைத்தியராகவும் இருந்தார். மூலிகைகளைச் சொந்தத் தோட்டத்தில் பயிரிட்டு அவர் செய்த மருந்துகள் கடல் கடந்தும் சென்றன. முதலில் செடி, பிறகு மருந்து, அதன் பிறகே பாட்டில் என்ற வரிசையை நாமும் நினைவில் வைக்கவேண்டும். இயந்திரம் அந்த வரிசையின் கடைசியில் வருவது.

முதலாவது கேள்வி: எந்த மருந்தைப் பாட்டிலில் அடைப்பது?

2012-இல் திருநெல்வேலி மாவட்டத்தில் டெங்கு காய்ச்சல் கடுமையாகப் பரவியது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது ஊர் ஊராக நிலவேம்புக் குடிநீர் காய்ச்சிக் கொடுக்கப்பட்டது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சு வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என ஒன்பது சரக்குகள் சேர்ந்தது அது. குடிநீரைக் காய்ச்சிய சில மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். மறுநாள் வரை வைத்தால் கெட்டுப்போகும். அதனால் அதைச் சூரணமாகப் பொட்டலம் கட்டிக் கொடுப்பதே முறை. எவ்வளவு வேகமான இயந்திரம் இருந்தாலும் குடிநீரைப் பாட்டிலில் அடைப்பதால் பிரயோஜனமில்லை.

பாட்டிலுக்கு ஏற்றவை மூன்று வகை. சர்க்கரைப் பாகில் செய்யும் ஆடாதோடை மணப்பாகு போன்றவை ஒன்று. மேலே பூசும் தைலங்கள் மற்றொன்று. மூலிகையையோ பிசினையோ ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடித்தெடுக்கும் டிஞ்சர் மூன்றாவது. ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்க மிஷன் ஆஸ்பத்திரிகளில் தந்த சாம்பிராணி டிஞ்சரை மூத்தவர்கள் அறிவார்கள். இந்த மூன்றும் மூன்று குணமுள்ளவை. நாம் வாங்கும் இயந்திரம் மூன்றுக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

இரண்டாவது: ஒரு நாளைக்கு எத்தனை பாட்டில்?

நிமிடத்துக்கு 40 என்று நிரப்பினால் 500 பாட்டில்கள் பதின்மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கேட்க மிகவும் நன்றாயிருக்கிறது. ஆனால் அந்த 500 பாட்டில்களையும் கழுவி, சொட்டு ஈரமில்லாமல் காயவைக்க எங்களுக்கு அரை நாளாகிறது. காயாத பாட்டில் வந்து சேராமல் இயந்திரம் எதை நிரப்பும்? வேலை தேங்குவது நிரப்பும் இடத்தில் மட்டுமல்ல. கழுவும் தொட்டியிலும் தேங்குகிறது. இரண்டு குழாயுள்ள அரைத் தானியங்கி இயந்திரம் நிமிடத்துக்குச் சுமார் 12 பாட்டில் நிரப்பும். 500-க்கு முக்கால் மணி நேரம் போதும். கழுவுவதைச் சரிசெய்யாமல் அதற்குமேல் வேகத்தைக் கூட்டினால் ஒரு பாட்டில்கூட அதிகமாக நோயாளியிடம் போய்ச் சேராது.

மூன்றாவது: ஒரு மருந்திலிருந்து மறு மருந்துக்கு மாறும்போது என்ன நடக்கும்?

ஒரே மருந்தை மாதக்கணக்கில் நிரப்புகிற பெரிய கம்பெனிக்குத் தானியங்கி ஏற்றது. நாமோ காலையில் மணப்பாகும் மத்தியானம் தைலமும் நிரப்புகிறவர்கள். ஒவ்வொரு முறையும் தொட்டி, குழாய், வாஷர் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவ வேண்டும். பதின்மூன்று நிமிடம் ஓடிய இயந்திரத்தைக் கழுவ அதைப்போலப் பல மடங்கு நேரம் ஆகும். மேலும், பெரிய இயந்திரத்தின் தொட்டியிலும் நீண்ட குழாய்களிலும் நிரப்ப முடியாமல் கொஞ்சம் மருந்து தங்கிவிடும். 2 லிட்டர் தங்கினால், 50 லிட்டரில் அது நூற்றுக்கு நான்கு. அதாவது 20 பாட்டில். பெரிய கம்பெனிக்கு அது ஒரு பொருட்டல்ல. நமக்கு அது இருபது நோயாளிகளின் மருந்து.

நான்காவது: எந்த முறையில் அளப்பது?

மருந்து தானாக வழிந்து, எல்லாப் பாட்டிலிலும் ஒரே உயரத்துக்கு நிற்கும்படி நிரப்பும் இயந்திரங்கள் உண்டு. கடை அலமாரியில் வரிசையாக வைத்தால் பார்க்க அழகாயிருக்கும். ஆனால் கண்ணாடியின் கனம் பாட்டிலுக்குப் பாட்டில் வேறுபடும். உயரம் ஒன்றாயிருந்தும் உள்ளே இருக்கும் அளவு ஒன்றாயிராது. மணப்பாகு போன்ற கெட்டியான மருந்து அப்படி எளிதில் வழியவும் செய்யாது.

பிஸ்டன் வைத்த இயந்திரம் ஊசியில் மருந்து ஏற்றுவதுபோல வேலை செய்கிறது. ஒரு இழுப்புக்கு இவ்வளவு மில்லி என்று திருகி வைத்துவிட்டால் மெல்லிய டிஞ்சரையும் கெட்டியான மணப்பாகையும் அதே அளவில் தள்ளும். மணப்பாகு நுரைக்கும் என்பதால், குழாய் பாட்டிலின் அடிவரை இறங்கி, மருந்து ஏற ஏறத் தானும் மேலே வருவதாக இருந்தால் நல்லது. சாதாரண ரப்பர் வாஷர் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். ஆகவே டெப்லான் வாஷர் வேண்டும். தைலத்துக்கு ஒரு ஜோடி சிலிண்டரும் வாஷரும், மற்ற மருந்துகளுக்கு வேறொரு ஜோடியும் வைத்துக்கொண்டால், மணப்பாகில் தைலத்தின் வாசனை ஏறாது.

ஐந்தாவது: நெருப்பு.

இது திருநெல்வேலி வெயிலில் அசட்டையாக விடக்கூடிய விஷயமல்ல. நூற்றுக்கு 70 பங்கு ஸ்பிரிட் உள்ள திரவம் சுமார் 17 டிகிரி வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். நமது ஊரில் மார்கழி விடியற்காலையில்கூட அதைவிடச் சூடு அதிகம். அக்கினி நட்சத்திரத்தில் கேட்கவே வேண்டாம். ஆகையால் டிஞ்சர் நிரப்பும் அறையில் சாதாரண மோட்டாரும் சாதாரண சுவிட்சும் கூடாது. ஒரு தீப்பொறி போதும். காற்றழுத்தத்தால் ஓடும் இயந்திரத்தை வைத்து, கம்ப்ரசரை அறைக்கு வெளியே நிறுத்துவது பாதுகாப்பானது. இயந்திரத்துக்கும் தொட்டிக்கும் எர்த் இணைப்பு அவசியம்.

வெப்பத்தைப் பற்றி இன்னும் ஒன்று. 25 டிகிரியில் நிரப்பிய 100 மில்லி டிஞ்சர், 40 டிகிரிக்குச் சூடானால் சுமார் ஒன்றரை மில்லி பெருகும். கழுத்து வரை நிரப்பினால் அம்பாசமுத்திரம் பஸ்ஸில் போகும்போதே மூடி கசியும். பாட்டிலில் சிறிது இடம் விட்டு நிரப்புவது மோசடியல்ல, முன்யோசனை. அதற்கேற்ற பாட்டிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆறாவது: அளவில் நேர்மை.

கள்ள அளவைக் குறித்து வேதம் அறிந்த உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி, 100 மில்லி என்று அச்சிட்ட பாட்டிலில் குறை 4.5 மில்லிக்கு மேல் இருக்கக்கூடாது. பல பாட்டில்களின் சராசரியோ 100-க்குக் குறையவே கூடாது. இதைச் சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை, நல்ல தராசு போதும். காலிப் பாட்டிலை நிறுத்து, அதே பாட்டிலை நிரப்பி மறுபடி நிறுக்க வேண்டும். 100 மில்லி மணப்பாகு ஏறத்தாழ 130 கிராம் இருக்கும். டிஞ்சரும் தைலமும் 90 கிராமை ஒட்டி இருக்கும். ஒவ்வொரு மருந்துக்கும் சரியான எடையை முன்னதாகக் கண்டு சுவரில் எழுதி வைத்துவிட்டால், இருபது நிமிடத்துக்கு ஒரு முறை சகோதரிகளே சோதித்துக்கொள்ளலாம்.

ஆனால் அன்பானவர்களே, பாட்டிலில் 100 மில்லி சரியாக இருப்பதால் மட்டும் நோயாளிக்குச் சரியான மருந்து போய்ச் சேருமா? வீட்டில் இருக்கும் டீஸ்பூனை எடுத்துப் பாருங்கள். ஒன்று 3 மில்லி கொள்ளும், மற்றொன்று 7 மில்லி கொள்ளும். நாங்கள் அரை மில்லி பிசகாமல் நிரப்பி அனுப்பிய மருந்தை ஒரு தாய் கூடுதலாகக் கொடுப்பாள். இன்னொரு தாய் குறைவாகக் கொடுப்பாள்.

முற்காலத்து மிஷன் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர்கள் இதை அறிந்திருந்தார்கள். நோயாளி கொண்டுவந்த பாட்டிலில் மிக்ஸ்சரை ஊற்றி, ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய காகிதத் துண்டு ஒன்றைப் பக்கவாட்டில் ஒட்டிக் கொடுப்பார்கள். ஒரு பல் ஒரு வேளை. எழுத்து வாசனை இல்லாத கிழவிக்கும் அது விளங்கும். இன்று அதன் இடத்தில் இருக்க வேண்டியது 5 மில்லி கோடிட்ட சிறு அளவு மூடி. முழுத் தானியங்கிக்கும் நாங்கள் கேட்கும் இயந்திரத்துக்கும் உள்ள விலை வித்தியாசத்தில், ஒவ்வொரு மணப்பாகுப் பாட்டிலோடும் ஓர் அளவு மூடியைப் பல ஆண்டுகள் கொடுக்கலாம். இயந்திரத்தின் வேகத்தைவிட அந்த மூடி நோயாளிக்கு அதிக நன்மை செய்யும் என்று நாங்கள் நம்புகிறோம்.

ஏழாவது: இயந்திரத்துக்குக் கண் இல்லை.

1986-இல் மும்பையில் ஓர் அரசு மருத்துவமனையில் 14 நோயாளிகள் இறந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்த கிளிசரினில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நஞ்சு கலந்திருந்தது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் குழந்தைகள் பலர் மாண்டதற்குக் காரணமான இருமல் மருந்திலும் அதே நஞ்சு இருந்தது. அந்த மருந்து தயாரானது நமது தமிழ்நாட்டில் என்பதை வேதனையோடு சொல்லுகிறோம். அந்த மருந்துகள் நல்ல பாட்டிலில், நல்ல லேபிளோடுதான் போயின. நிரப்பும் இயந்திரம் மருந்தையும் நஞ்சையும் ஒரே வேகத்தில் நிரப்பும். ஆகையால் வாங்கும் ஸ்பிரிட்டில் மெத்தனால் இல்லை, கிளிசரினில் நஞ்சு இல்லை என்ற பரிசோதனைச் சீட்டு கைக்கு வராமல் எந்தத் தொட்டியும் திறக்கப்படக் கூடாது. பரிசோதனைக்கூடத்துக்குக் கட்டும் பணம் கண்ணுக்குத் தெரியாத செலவு. ஆனால் அதுவே முதல் செலவாக இருக்க வேண்டும்.

சட்டமும் இதையே வேறு விதமாகக் கேட்கிறது. 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டம், தம்முடைய நோயாளிக்குத் தாமே மருந்து செய்து தரும் வைத்தியருக்கு விலக்கு அளிக்கிறது. விற்பனைக்குச் செய்தால் உரிமம் வேண்டும். 2000-ஆம் ஆண்டு முதல் அட்டவணை 'டி' என்னும் ஒழுங்குமுறையையும் கைக்கொள்ள வேண்டும். சுத்தமான கூடம், கழுவி உலர்த்திய பாட்டில், ஒவ்வொரு தொகுதிக்கும் எழுதிய பதிவேடு ஆகியவை அதில் முக்கியமானவை. ஒரு பாட்டிலில் குறை தெரிந்தால், அதே தொகுதியின் மற்ற பாட்டில்கள் எந்த ஊருக்குப் போயின என்று அந்தப் பதிவேட்டைப் பார்த்து அன்றே சொல்ல முடிய வேண்டும்.

எட்டாவது: பழுதானால் யார் வருவார்?

இவ்வகை இயந்திரங்கள் பெரும்பாலும் அகமதாபாத், மும்பை பக்கங்களில் செய்யப்படுகின்றன. ஒரு சென்சார் கெட்டால் அங்கிருந்து ஆள் வரும்வரை முழுத் தானியங்கி வாயடைத்து நிற்கும். பிஸ்டன் இயந்திரத்தில் தேய்வது வாஷரும் வால்வும். அவற்றை மாற்ற நமது சகோதரிகளுக்கே கற்றுக்கொடுக்கலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது; தாமிரபரணி கரை புரண்டது; ரயிலும் சாலையும் நின்றன. அப்படிப்பட்ட நாளில் மருந்து அதிகம் தேவைப்படும், வெளியூர் மெக்கானிக்கோ வர முடியாது. மேசைமேல் வைக்கும் இயந்திரத்தை இரண்டு பேர் தூக்கி மாடிக்குக் கொண்டுபோகலாம். தரையில் பொருத்திய நீண்ட வரிசை இயந்திரத்தை என்ன செய்வது?

ஒன்பதாவது: கைகள்.

இயந்திரம் வந்தால் அந்தச் சகோதரிகள் இருவரின் வேலை போய்விடுமோ என்று சிலர் அக்கறையோடு கேட்டீர்கள். போகாது. ஒருவர் இயந்திரத்தில் இருப்பார். மற்றவர் தராசிலும் பதிவேட்டிலும் இருப்பார். ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, தூசியோ வண்டலோ இருக்கிறதா என்று பார்க்கும் வேலையை இதுவரை அவசரத்தில் செய்துவந்தோம். இனி அதற்கு நேரம் கிடைக்கும்.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். இரண்டு குழாயுள்ள, காற்றழுத்தத்தால் ஓடும், பிஸ்டன் வகை அரைத் தானியங்கி இயந்திரம் ஒன்று. மருந்து படும் பாகங்கள் யாவும் நல்ல தர எவர்சில்வராக, ஸ்பானர் இல்லாமல் கையால் கழற்றக்கூடியவையாக இருக்க வேண்டும். அதோடு பாட்டில் கழுவி உலர்த்தும் சாதனம், ஒரு தராசு, இரண்டு ஆண்டுகளுக்குத் தேவையான உதிரி பாகங்கள், அளவு மூடிகள், பரிசோதனைக் கட்டணம். எல்லாவற்றையும் சேர்த்தாலும் முழுத் தானியங்கியின் விலையை எட்டாது.

வாங்குமுன் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறோம். நமது மணப்பாகையும் நமது பாட்டில்களையும் விற்பவருடைய பட்டறைக்கே கொண்டுபோவோம். நூறு பாட்டில் நிரப்பி, அவற்றில் இருபதை நிறுத்துப் பார்ப்போம். பிறகு நமது சகோதரி ஒருவர் இயந்திரத்தைக் கழற்றிக் கழுவி மறுபடி பூட்ட வேண்டும். அவரால் முடியாவிட்டால் அந்த இயந்திரம் நமக்கு வேண்டாம்.

முழுத் தானியங்கிக்கென்று காணிக்கை கொடுக்க முன்வந்த அன்பர்களிடம் தனியே கேட்டுக்கொள்கிறோம். பெரிய இயந்திரத்தில் உங்கள் அன்புக்குரியவர்களின் பெயரைப் பொறிக்கலாம். அளவு மூடியிலும் பரிசோதனைச் சீட்டிலும் பெயர் பொறிக்க இடமில்லை. அப்படியிருந்தும் அதே மனதோடு இவற்றுக்காகக் கொடுப்பீர்களா? உங்கள் சம்மதம் இல்லாமல் ஒதுக்கிய பணத்தை வேறு காரியத்துக்குச் செலவிட மாட்டோம். விருப்பமில்லாதவர்கள் தயங்காமல் எழுதுங்கள். அவர்களுடைய தொகையை அப்படியே திருப்பி அனுப்புவோம்.

வாங்கிய பிறகு விலை, எடைச் சோதனையின் முடிவு, எத்தனை பாட்டில் வீணாயிற்று என்ற கணக்கு ஆகிய மூன்றையும் இந்த மடலிலேயே அச்சிடுவோம். கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் இருந்தால், தேநீருக்குப் பிறகு மருந்துக் கூடத்துக்கு வாருங்கள். சகோதரிகள் இருவரும் அங்கே இருப்பார்கள். எந்த இயந்திரம் வேண்டும் என்று அவர்களிடமும் கேளுங்கள்.